ராஜபிப்ளா ராஜாவின் குதிரை

கருவேப்பிலங்குறிச்சிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை இரண்டு காணி நிலம் சம்பந்தம். வெள்ளாற்றுப் பக்கம் இருந்த அந்த நஞ்சையை என் பெரியப்பா கிண்டியில் விட்டார். ஒரே நாளில் விடவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்.

பெரியப்பா வாலிபத்தில் சைதாப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதினார். மர்மலாங் பாலத்தைத் தாண்டினால் கிண்டி. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் நடந்தே ரேஸ் பார்க்கப் போனவர், பிறகு ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்த காலத்திலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பந்தய சீசன் வந்துவிட்டால் விருத்தாசலம் ஜங்ஷனில் ராத்திரி வண்டி ஏறுவார். விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கி எலெக்ட்ரிக் வண்டி பிடித்துக் கிண்டி போவார். திங்கட்கிழமை காலையில் திரும்பி வரும்போது அவர் செருப்புச் சத்தத்தை வைத்தே பெரியம்மா கண்டுபிடித்துவிடுவார், ஜெயித்தாரா தோற்றாரா என்று. பெரும்பாலும் ஒரே மாதிரிச் சத்தம்தான்.

மல்லாட்டை ஆயும் நாட்களில் ராத்திரி களத்தில் எல்லோரும் உட்கார்ந்திருப்போம். லாந்தர் வெளிச்சத்தில் அவர் ஒரு கதை சொல்வார். எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

"முப்பத்தி நாலாம் வருஷம்டா தம்பி. லண்டன்ல டெர்பி. வெள்ளைக்கார ராஜா நேர்ல நின்னு பாக்குறான். நம்ம ராஜபிப்ளா மகாராஜா குதிரை. நம்ம நாட்டுக் குதிரை. ஓட்டினவனும் நம்ம ஆளு. கொழும்பை அடிச்சி ஜெயிச்சிட்டு வந்துச்சி."

கொழும்பு என்ற ஊரை ஒரு குதிரை எப்படி அடித்து ஜெயிக்கும் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ராமாயணத்தில் இலங்கையை எரித்ததுபோல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். பெரியம்மா மட்டும் மல்லாட்டைச் செடியை உதறிக்கொண்டே கேட்பார்: "அந்த ராஜா ஜெயிச்சான். நீங்க?"

தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நேரம் கிடைத்தபோது இந்தக் கதையைத் துருவிப் பார்த்தேன். பெரியப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிதான் சரி. அந்தப் பாதியையும் மீதியையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

குதிரையின் பெயர் விண்ட்சர் லாட். 1931-ல் பிறந்தது. நம்ம நாட்டுக் குதிரை இல்லை, அயர்லாந்துக் குதிரை. டான் சல்லிவன் என்பவர் வளர்த்த இனம்.

அயர்லாந்து நம் ஊர்க்காரர்களுக்கு விவேகானந்தரின் சிஷ்யை நிவேதிதா பிறந்த நாடாகவும், அன்னி பெசண்டின் பூர்வீகமாகவும் தெரியும். உலகத்துக்கு அது குதிரை நாடு. சுண்ணாம்புக்கல் பூமி, அந்த மண்ணில் முளைக்கும் புல்லைத் தின்றால் குதிரைக்கு எலும்பு கெட்டிப்படும் என்பது அவர்கள் நம்பிக்கை. தடை தாண்டி ஓடும் பந்தயமே அங்கேதான் பிறந்தது என்பார்கள். 1752-ல் கார்க் மாவட்டத்தில் இரண்டு பேர், பட்டவன்ட் என்ற ஊரின் மாதா கோயிலிலிருந்து டோனரைல் என்ற ஊரின் மாதா கோயில் வரை, வேலி, வாய்க்கால், கல்சுவர் எல்லாவற்றையும் தாண்டிக் குதிரையில் போய்ப் பந்தயம் கட்டினார்களாம். தூரத்தில் தெரிந்த கோபுரம்தான் அடையாளம். இங்கே விருத்தகிரீஸ்வரர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு வயல் வரப்பெல்லாம் தாண்டி ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிண்டியில் நடந்தது சமதரை ஓட்டம். விண்ட்சர் லாட் ஓடியதும் சமதரை ஓட்டம்தான். ஆனால் தடை தாண்டும் குதிரை ஒன்றும் இந்தக் கதையில் பின்னால் வரும்.

விண்ட்சர் லாடின் தகப்பன் பிளாண்ட்ஃபோர்டு. அதற்குக் காலில் கோளாறு. மொத்தம் நாலே பந்தயம் ஓடியது, மூன்றில் ஜெயித்தது. டாசன் சகோதரர்கள் அதைக் குட்டியில் 720 கினிக்கு வாங்கியிருந்தார்கள். கினி என்றால் ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும். குதிரை வியாபாரம் அந்தக் கணக்கில்தான் நடக்கும். ஓட முடியாத அந்த நொண்டிக் குதிரை பொலிகுதிரையாக நின்று நாலு டெர்பி குதிரைகளைக் கொடுத்தது: 1929-ல் டிரைகோ, 1930-ல் பிளென்ஹைம், 1934-ல் விண்ட்சர் லாட், 1935-ல் பஹ்ராம். இதில் பிளென்ஹைமும் பஹ்ராமும் கராச்சியில் பிறந்த ஆகா கானின் குதிரைகள்.

தாய் ரெஸ்பிளண்டெண்ட். 1926-ல் அயர்லாந்தில் பெட்டைக் குதிரைகளுக்கான இரண்டு பெரிய பந்தயங்களை ஜெயித்தவள். அதே 1926-ல், அதே அயர்லாந்தில், ஐரிஷ் டெர்பியை ஜெயித்த குதிரை எம்பார்கோ. அதன் சொந்தக்காரர் யார் தெரியுமா? நம் ராஜபிப்ளா மகாராஜாதான். அதாவது விண்ட்சர் லாட் பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பே அவருக்கு அயர்லாந்துக் குதிரை ராசியாகிவிட்டது.

ராஜபிப்ளா குஜராத்தில், நர்மதைக் கரையில் இருந்த சமஸ்தானம். இப்போது சர்தார் படேலுக்கு ஆகாசம் முட்டச் சிலை வைத்திருக்கிறார்களே, அதற்குப் பக்கத்து ஊர். காடும் மலையும், பில் பழங்குடி மக்களும், பருத்தி வயல்களும் உள்ள சீமை. அங்கே 1915-ல் பட்டத்துக்கு வந்தவர் மகாராஜா விஜயசிங். 1890-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று நல்லது செய்தவர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கோடைக்காலம் வந்தால் இங்கிலாந்தில்தான் இருப்பார். லண்டனுக்குப் பக்கத்தில் ஓல்ட் விண்ட்சர் என்ற ஊரில் ஒரு பங்களா வாங்கியிருந்தார். குதிரைக்கு 'விண்ட்சர் பையன்' என்று பெயர் வைத்தது அதனால்தான். நம் நாட்டு ராஜா, அயர்லாந்துக் குதிரை, இங்கிலீஷ் ஊரின் பெயர். ராஜபிப்ளா என்ற வார்த்தை வாயில் நுழையாத வெள்ளைக்காரர்கள் மகாராஜாவை 'பிப்' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

குட்டியை 1,300 கினிக்கு வாங்கினார்கள். அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங். கணக்குப் போட்டால் 18,200 ரூபாய். அஞ்சலகத்தில் நாற்பது வருஷம் மணியார்டர் எண்ணினவன் நான், இந்தக் கணக்கைப் போடாமல் இருக்க முடியவில்லை. நெல் விலையும் மல்லாட்டை விலையும் மந்தத்தில் விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. கிஸ்தி கட்ட முடியாமல் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் தாலியை அடகு வைத்தார்கள் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நர்மதைக் கரையில் மட்டும் விவசாயி செழித்திருப்பான் என்று நான் நம்பவில்லை. பெரியப்பாவின் கதையில் இந்த இடம் வராது.

குதிரையைப் பழக்கியவர் மார்கஸ் மார்ஷ். இளைஞர். இவருடைய தகப்பனார் ஏழாம் எட்வர்டு மன்னரின் குதிரைகளைப் பழக்கியவர். பெரிய பெயரின் நிழலில் வளர்ந்த பிள்ளை. 1933-ல் இரண்டு வயதுக் குதிரையாக விண்ட்சர் லாட் நியூமார்க்கெட்டில் கிரைட்டீரியன் பந்தயத்தை ஜெயித்தது. 1934 வசந்தத்தில் செஸ்டர் வாஸ், நியூமார்க்கெட் ஸ்டேக்ஸ் என்று இரண்டு. நல்ல குதிரை என்று பேச்சு கிளம்பியது. ஆனால் அந்த வருஷம் எல்லோர் வாயிலும் இருந்த பெயர் வேறு.

அதுதான் கொழும்பு! கொலம்போ என்ற பெயருள்ள குதிரை. கிளான்லி பிரபுவின் குதிரை. ஓடிய பந்தயம் ஒன்றிலும் தோற்றதில்லை. டெர்பிக்கு முந்திய பெரிய பந்தயமான 2000 கினியையும் ஜெயித்துவிட்டு வந்து நின்றது. டெர்பியில் அதுதான் ஜெயிக்கும் என்று மளிகைக் கடைக்காரன் முதல் மந்திரி வரை பணம் கட்டியிருந்தார்கள். என் ஏழு வயதுச் சந்தேகம் அறுபது வருஷம் கழித்து இப்படித்தான் தீர்ந்தது.

இனி ஓட்டினவன் கதை. பெரியப்பா சொன்னதுபோல 'நம்ம ஆள்' இல்லை. சார்லி ஸ்மர்க் என்ற லண்டன் ஏழை வீட்டுப் பையன். ஆனால் இவன் கதையைப் படித்தபோதுதான் எனக்கு இந்தக் குதிரை மேலேயே ஒரு பற்று வந்தது.

1928-ல் ஸ்மர்க்குக்கு 21 வயது. பேர் பெற்ற ஜாக்கி ஆகிவிட்டான். காட்விக் மைதானத்தில் (இப்போது விமான நிலையம் இருக்கிறதே, அதே காட்விக்) வெல்கம் கிஃப்ட் என்ற குதிரையில் ஏறி நின்றான். கயிறு தூக்கினார்கள். மற்றக் குதிரைகள் பாய்ந்தன. இவன் குதிரை நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நிர்வாகிகள் கூப்பிட்டு விசாரித்தார்கள். நீ வேண்டுமென்றே ஓட்டவில்லை என்றார்கள். குதிரை நகர மறுத்தது, நான் என்ன செய்வேன் என்றான் இவன். எடுபடவில்லை. லைசென்ஸ் போயிற்று. லைசென்ஸ் மட்டுமில்லை, எந்தப் பந்தய மைதானத்துக்குள்ளும் காலே வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஐந்து வருஷம்.

சஸ்பென்ஷனில் இருந்தவனுக்குத்தான் இதன் அர்த்தம் தெரியும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஒரு மணியார்டர் விவகாரத்தில் மூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்தார். கடைசியில் அவர் மேல் தப்பில்லை என்று ஆயிற்று. அந்த மூன்று வருஷமும் அவர் கடைத்தெருவுக்குப் பகலில் வந்ததில்லை. இருட்டிய பிறகுதான் காய்கறி வாங்க வருவார். ஸ்மர்க் அந்த ஐந்து வருஷம் பிரைட்டன் கடற்கரையில் நீந்தினான், குத்துச்சண்டை போட்டான், காசில்லாத நாட்களில் கடற்கரையிலேயே படுத்தான். உடம்பை மட்டும் விடவில்லை. ஜாக்கிக்கு எடை ஏறினால் பிழைப்பே போயிற்று அல்லவா? 1933 அக்டோபரில் லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. எட்டு மாதத்தில் டெர்பி.

அப்படிப்பட்டவனைத் தன் குதிரையில் ஏற்ற ஒரு மனசு வேண்டும். மார்ஷும் மகாராஜாவும் ஏற்றினார்கள். மகாராஜாவைப் பற்றி எனக்கு எத்தனையோ குறை உண்டு. இந்த ஒன்றுக்காக அவருக்கு ஒரு கும்பிடு.

1934 ஜூன் 6, எப்சம். டெர்பி 1780 முதல் அங்கே நடக்கிறது. ஒன்றரை மைல். நம் கிண்டி மாதிரித் தட்டையான மைதானம் இல்லை. முதலில் ஏற்றம், பிறகு சரிவு, அந்தச் சரிவிலேயே டாட்டன்ஹாம் கார்னர் என்ற இடது பக்கத் திருப்பம், அப்புறம் நேர்ப்பாதை. சரிவில் ஓடத் தெரியாத குதிரை அங்கேயே தடுமாறிவிடும். ஒருபக்கம் கறுப்புத் தொப்பியும் கோட்டும் போட்ட பிரபுக்கள். எதிர்ப்பக்கக் குன்று முழுக்க ஏழைபாழைகள், ஜிப்சிகள், ஜோசியக்காரர்கள், பஞ்சு மிட்டாய். நம் மாசிமகக் கூட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் ராணி மேரியும் வந்திருந்தார்கள்.

கொலம்போவின் மேல் ரே ஜான்ஸ்டன் என்ற ஆஸ்திரேலிய ஜாக்கி. அவனுக்கு முன்னால் மெடீவல் நைட் என்ற குதிரை ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் இருந்தவர் சாதாரண ஆளில்லை. ஆறு டெர்பி ஜெயித்த ஸ்டீவ் டோனஹ்யூ. திருப்பத்தில் மெடீவல் நைட்டுக்கு மூச்சு வாங்கிவிட்டது. பின்னால் ஒட்டி வந்த கொலம்போவுக்குப் போக வழியில்லை. ஜான்ஸ்டன் பிடித்திழுத்து வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் ஸ்மர்க் போய்விட்டான். ஐந்து வருஷம் காத்திருந்தவனுக்கு ஒரு இடைவெளியைக் கண்டால் விடத் தெரியுமா? கொலம்போ நேர்ப்பாதையில் துரத்திக்கொண்டு வந்தது. ஈஸ்டன் என்ற இன்னொரு குதிரையும் வந்தது. விண்ட்சர் லாட் பிடி கொடுக்கவில்லை. ஒரு குதிரை நீளத்தில் ஜெயித்தது. ஈஸ்டன் இரண்டாவது. ஒரு கழுத்து பின்னால் கொலம்போ மூன்றாவது.

நேரம் 2 நிமிடம் 34 விநாடி. அதற்கு முந்தின வருஷம் ஹைப்பீரியன் செய்த சாதனைக்குச் சரிசமம். மணிக்கு 56 கிலோமீட்டர் வேகம். எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ் இன்றைக்கும் அந்த வேகத்தைப் பார்த்ததில்லை.

கொலம்போவை ஓட்டியவன் மேல்தான் தப்பு, நான் ஓட்டியிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று டோனஹ்யூ பிறகு சொல்லிக்கொண்டிருந்தார். வழியை அடைத்தது அவர் குதிரைதான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இந்தத் தகராறு பந்தயக்காரர்கள் மத்தியில் இன்றும் ஓயவில்லை. என் அபிப்பிராயம், விண்ட்சர் லாட் பின்னால் செய்ததையெல்லாம் பார்த்தால் அன்றைக்கு வழி திறந்திருந்தாலும் அதுதான் ஜெயித்திருக்கும்.

மன்னர் மகாராஜாவை வரவழைத்து வாழ்த்தினார். கூட்டம் 'பிப், பிப்' என்று கத்தியது. சமஸ்தானத்து ராஜா ஒருவர் எப்சம் டெர்பியை ஜெயித்தது அது ஒருமுறைதான். மறுநாள் சென்னையில் சேதி வந்தபோது சைதாப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கூட சந்தோஷப்பட்டார் என்று பெரியப்பா சொல்வார். அதை நான் நம்புகிறேன். அந்த வருஷ பிப்ரவரியில்தான் காந்தி ஹரிஜன யாத்திரையாகப் புதுச்சேரிப் பக்கமெல்லாம் வந்து போனார். சட்டமறுப்பு ஓய்ந்து, ஜெயிலுக்குப் போனவர்கள் சோர்ந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சமயம். எதிலாவது ஒன்றில் வெள்ளைக்காரனை ஜெயிக்க வேண்டும் என்று இருபது வயதுப் பையனுக்குத் தோன்றியிருக்கும். குதிரை எந்த நாட்டில் பிறந்தது என்று அவன் ஏன் கேட்கப் போகிறான்?

பெரியப்பா கதையை எப்போதும் இந்த இடத்தில் முடித்துவிடுவார். ஆனால் குதிரைக்குக் கதை முடியவில்லை.

ஜூலையில் எக்லிப்ஸ் பந்தயம். அதில் விண்ட்சர் லாட் மூன்றாவதாக வந்தது. அதே கோடையில் மகாராஜா குதிரையை விற்றுவிட்டார். விலை 50,000 பவுன். நம் கணக்கில் ஆறே முக்கால் லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 18,200-க்கு வாங்கியது. வாங்கியவர் மார்ட்டின் பென்சன். அவர் தொழில் என்ன? புக்கி! டக்ளஸ் ஸ்டூவர்ட் என்ற பெயரில் பந்தயப் பணம் வாங்கும் பெரிய கடை நடத்தியவர்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எந்தக் குதிரையை வைத்துப் பெரியப்பா மார் தட்டினாரோ, அந்தக் குதிரை ஜெயித்த கையோடு புக்கி லாயத்துக்குப் போய்விட்டது. அவருக்கு இது தெரியுமா? ரேஸ் புத்தகத்தை எழுத்து விடாமல் படிக்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் சொல்லாமல் விட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மகாராஜா விற்றது சரியா? பண விஷயத்தில் சரிதான். நாளைக்குக் கால் ஒடிந்தால் குதிரைக்கு ஒரு துப்பாக்கிக் குண்டு செலவோடு சரி. ஆனால் செப்டம்பரில் செயிண்ட் லெஜர் என்ற பெரிய பந்தயம் வந்தது. ஸ்மர்க் ஓட்ட, விண்ட்சர் லாட் ஜெயித்தது. கோப்பை புக்கிக்குப் போயிற்று. 1935-ல் ஓடியதெல்லாம் வெற்றி. எப்சமில் கொரோனேஷன் கப், முந்தின வருஷம் தோற்ற அதே எக்லிப்ஸ், எல்லாம் ஜெயித்தது. மொத்தம் 13 பந்தயம், 10 வெற்றி. அதோடு ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நிலத்தை விற்ற பிறகு அதே நிலத்தில் இன்னொருவன் கரும்பு வெட்டுவதைப் பார்க்கிற மாதிரிதான் மகாராஜாவுக்கு இருந்திருக்கும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம். பெரியப்பா விற்ற முதல் காணியில் வாங்கினவர் போர் போட்டு மூன்று போகம் எடுத்தார். அந்த வழியாக வயலுக்குப் போகாமல் பெரியப்பா சுற்றிக்கொண்டு போவார்.

பொலிகுதிரையாக விண்ட்சர் லாட் பெரிதாகச் சோபிக்கவில்லை. ஓட முடியாத தகப்பன் டெர்பிக் குதிரைகளாகப் பெற்றுத் தள்ளினான். ஓடி ஜெயித்த மகனுக்குச் சொல்லும்படி வாரிசு இல்லை. குதிரையிலும் மனுஷர்களிலும் இதற்குக் கணக்கு கிடையாது. பிறகு நாள்பட்ட சைனஸ் கோளாறு வந்தது. வைத்தியம் பார்த்தும் தீரவில்லை. 1943-ல், உலக யுத்தத்தின் நடுவில், கருணைக்கொலை செய்தார்கள். வயது 12.

பென்சனுக்கு அதனால் நஷ்டமில்லை. 1938-ல் இத்தாலியிலிருந்து நியார்கோ என்ற குதிரையை 60,000 பவுனுக்கு வாங்கினார். இன்றைக்கு உலகத்தில் ஓடும் நல்ல குதிரைகளில் பெரும்பாலானவற்றின் ரத்தத்தில் நியார்கோ இருக்கிறது. ஆரம்பத்தில் சொன்னேனே தடை தாண்டும் குதிரை, அது இந்த நியார்கோவின் வம்சம்தான்: நியார்கோவின் மகன் நியார்க்டிக், அதன் மகன் நார்தர்ன் டான்சர், அதன் மகன் சாட்லர்ஸ் வெல்ஸ், அதன் மகன் இஸ்தப்ராக். 1992-ல் பிறந்தது. அரபியில் இஸ்தப்ராக் என்றால் ஜரிகைப் பட்டு. சமதரையில் ஓடியபோது சுமார்தான். ஜான் டர்கன் என்ற ஐரிஷ் இளைஞர் அதன் மேல் நம்பிக்கை வைத்து, தடை தாண்டவிட்டால் இது பேர் வாங்கும் என்று சொல்லி, மக்மானஸ் என்ற செல்வந்தருக்கு 38,000 கினிக்கு வாங்கிக் கொடுத்தார். தானே பழக்க வேண்டும் என்பது டர்கனின் ஆசை. அதற்குள் ரத்தப் புற்றுநோய் வந்துவிட்டது. நான் குணமாகி வரும்வரை பார்த்துக்கொள் என்று ஏய்டன் ஓ'பிரையனிடம் ஒப்படைத்தார். 1998 ஜனவரியில் டர்கன் இறந்துபோனார். மார்ச் மாதம் செல்டன்ஹாமில் இஸ்தப்ராக் சாம்பியன் ஹர்டில் பந்தயத்தை 12 குதிரை நீளத்தில் ஜெயித்தது. 1999-லும் 2000-லும் மறுபடி. நாலாவது முறையும் ஜெயித்திருக்கும். 2001-ல் கோமாரி நோய் பரவியதால் செல்டன்ஹாம் பந்தயமே நடக்கவில்லை. நம் ஊர் மாட்டுக்கு வரும் அதே கோமாரிதான். மக்மானஸ் அந்தக் குதிரையை விற்கவில்லை. கடைசி வரை தன் பண்ணையில் வைத்துப் புல் போட்டார். 32 வயது வரை இருந்து 2024-ல்தான் இறந்தது. இந்த இரண்டு குதிரைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? மார்கஸ் மார்ஷ் யுத்தத்தில் விமானப்படைக்குப் போய், ஜெர்மானியரிடம் கைதியாகி, உயிரோடு திரும்பி வந்தார். ஸ்மர்க் இன்னும் மூன்று டெர்பி ஜெயித்தார். 1936-ல் மஹ்மூத், ஆகா கானின் குதிரை. 1952-ல் துல்யார், அதுவும் ஆகா கானுடையது; பழக்கியவர் அதே மார்ஷ். 1958-ல் ஹார்டு ரிட்டன். சொந்தக்காரர் சர் விக்டர் சசூன், பம்பாயில் மில் வைத்திருந்த குடும்பம். ஆக நாலு டெர்பியும் ஏதோ ஒரு வகையில் இந்தியச் சம்பந்தமுள்ளவர்களுக்கே ஜெயித்துக் கொடுத்திருக்கிறார். 'ஓட்டினவன் நம்ம ஆளு' என்று பெரியப்பா சொன்னதை இப்போது முழுப்பொய் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

மகாராஜாவின் சமஸ்தானம் 1948-ல் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. அவர் 1951-ல் இங்கிலாந்தில் காலமானார். தகனம் ராஜபிப்ளாவில் நடந்தது.

பெரியப்பா இரண்டாவது காணியை 1963-ல் எழுதிக்கொடுத்தார். விருத்தாசலம் ரிஜிஸ்தர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட என் அப்பா போனார். திரும்பி வரும்போது அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று அப்பா சொன்னார். குதிரை என்ற வார்த்தையே அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை.

கிண்டிப் பந்தயம் 1777-லேயே தொடங்கியது. சென்னை ரேஸ் கிளப் 1896-ல் வந்தது. கலைஞர் ஆட்சியில் 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டபோது, இருபது வருஷம் முன்னால் போட்டிருக்கக் கூடாதா என்று பெரியம்மா கேட்டார். அவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் வழக்கு நீண்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986-ல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. அதுவும் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஜனவரி 12 அன்று சுப்ரீம் கோர்ட் சொன்னது, குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமைக்குரிய விளையாட்டு என்று. குதிரையின் வம்சம், ஜாக்கியின் கை, மைதானத்தின் ஈரம் எல்லாம் படித்துக் கணக்குப் போட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள் என்பது வாதம். பெரியப்பா இருந்திருந்தால் தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார். அவரும் அதையெல்லாம் படித்துத்தான் கட்டினார். 2024 செப்டம்பரில் குத்தகைப் பாக்கிக்காக அரசு அந்த மைதானத்துக்குச் சீல் வைத்தது. டி.வி.யில் பூட்டிய கேட்டைக் காட்டினார்கள். அந்தக் கேட்டைத்தான் நான் பெரியப்பாவின் வாய் வழியாகவே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இதை எழுதலாமா என்று பெரியப்பா மகனிடம், என் அண்ணனிடம், முதலில் கேட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார். காது கொஞ்சம் மந்தம். திண்ணையில் உட்காரவைத்துச் சத்தமாக எல்லாவற்றையும் சொன்னேன். அயர்லாந்து என்றதும் தலையாட்டினார். ஸ்மர்க் கடற்கரையில் படுத்தான் என்றதும் "த்சொ" என்றார். புக்கி 50,000 பவுனுக்கு வாங்கிக்கொண்டு போனான் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு வாங்கினது? திருப்பிச் சொல்லு."

"புக்கி."

அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எழுதுடா. அம்மா இல்லாம போச்சே, இதைக் கேக்க."